கடைசிப் பத்தியில் இருந்த பூக்கூடைகள்

டிராபிக் செக்‌ஷனில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். கணக்கை எப்போது அட்டவணையாகக் காட்டுவது, எப்போது சார்ட்டாகக் காட்டுவது என்று சொல்லிக்கொடுக்க வேண்டுமாம். அதற்கு இரண்டு வரி போதும். ஒரு குறிப்பிட்ட எண்ணைத் தேடி வருகிறவருக்கு அட்டவணை. எது பெரிது, எது சின்னது, எது ஏறுகிறது, எது இறங்குகிறது என்று ஒரே பார்வையில் பார்க்க நினைக்கிறவருக்குச் சார்ட். இதை என்னிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டுமா? படித்துவிட்டு வந்த பிள்ளைகள் நீங்கள். நான் எழுதப்போவது வேறு. இந்த இரண்டு வரியையும் நன்றாகத் தெரிந்துவைத்திருந்த நாங்கள், இரண்டையும் பிசகில்லாமல் செய்து, ஓர் ஊரின் பிழைப்பைக் கெடுத்தோம். அதைத்தான் எழுதப்போகிறேன். படித்தபின் மனசு கனத்தால் என்னைத் திட்டிக்கொள்ளுங்கள்.

அது இரண்டாவது உலக யுத்த காலம். மதுரையிலிருந்து சுற்றுவட்டாரத்துக்கு பஸ் ஓட்டிய ஒரு சின்னக் கம்பெனியில் நான் டிராபிக் குமாஸ்தா. ரயிலடிக்குப் பக்கத்தில் ஒரு மாடியில் ஆபீஸ். எந்தத் தடத்தில் எத்தனை ஆள் ஏறினார்கள், எத்தனை நடை ஓடியது, எவ்வளவு சாமான் ஏறியது என்று கண்டக்டர்கள் கொண்டுவரும் சீட்டுகளைத் திரட்டி மாதம் ஒரு அட்டவணை போடுவது என் வேலை. என் மேனேஜர் ரயில்வேயில் சரக்குக் கணக்குப் பார்த்துவிட்டு வந்தவர். என்னைவிடச் சில வருஷம்தான் பெரியவர். அவர் பேரை எழுதமாட்டேன். நல்ல மனிதர், செத்தும் போய்விட்டார். அவர் பேரை இந்தக் கதையோடு சேர்த்து நீங்கள் நினைத்துக்கொள்ள வேண்டாம்.

முதலாளி, மதுரைக்கு மேற்கே செம்மண் காட்டு விவசாயக் குடும்பத்துக்காரர். தோட்டத்தை விற்று முதல் பஸ்ஸை வாங்கி, தானே ஓட்டி, அதிலிருந்து கம்பெனியை உண்டாக்கியவர். எந்தச் சாலையில் எங்கே பள்ளம் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் அவர் பஸ் ஏறுவதை விட்டு வெகுநாள் ஆகியிருந்தது. கண்ணில் பூ விழுந்துவிட்டது. ஆள் நிழலாகத் தெரியும். எழுத்து தெரியாது.

இது ஆபீஸில் எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் வாய் திறக்கமாட்டோம். காரணம் அவருடைய அண்ணன் மகன். கம்பெனியில் அவனும் ஒரு பங்காளி. பெரியவருக்கு முடியவில்லை, நாற்காலியை விடட்டும் என்று எப்போது சொல்லலாம் எனக் காத்துக்கொண்டிருந்தான். அதனால் நாங்களே ஒரு பழக்கம் வைத்துக்கொண்டோம். அறைக்குள் நுழைகிறவர் தன் பேரைச் சொல்லிக் கும்பிடு போடுவார். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் கேஷியர் சும்மா இருக்கிற மாதிரி ஒரு விரலை வைத்திருப்பார். மரியாதை என்று பேர் வைத்துக்கொண்டு மொத்த ஆபீஸும் நாடகம் ஆடியது. அவர்மேல் எங்களுக்கு உண்மையாகவே பிரியம் இருந்தது. அந்தப் பிரியம்தான் கெடுத்தது என்று இப்போது தோன்றுகிறது.

எங்கள் கம்பெனிக்குச் சார்ட் வந்ததும் இந்த வழியில்தான். மேனேஜர் தடித்த கலர் அட்டையைப் பட்டை பட்டையாக வெட்டி, தடத்துக்கு ஒரு பட்டை வீதம், ஏறிய ஆளுக்குத் தக்க நீளத்தில் ஒரு பெரிய பலகைத்தாளில் ஒட்டுவார். மையில் கோடு போட்டால் சீக்கிரம் முடியுமே என்று ஒருநாள் கேட்டேன். ஒட்டினால்தான் பார்க்க லட்சணமாக இருக்கும் என்றார். அப்புறம் முதலாளி அதைப் பார்ப்பதைப் பார்த்தேன். பேசிக்கொண்டே பட்டையின் மேல் விரலை ஓட்டிக்கொண்டு போவார். பட்டை முடிகிற இடத்தில் விரல் இறங்கும். அதற்குமேல் நான் கேட்கவில்லை. இந்த வேலையில் நான் பார்த்த புத்திசாலித்தனமான காரியம் அது என்று அன்றைக்கு நினைத்தேன்.

கரட்டுப்பட்டி என்று ஒரு தடம் இருந்தது. திருப்பரங்குன்றம் தாண்டி மேற்கே போய், மண்சாலை முடிகிற இடம். அந்த ஊரில் முன்பெல்லாம் சோளமும் கம்பும்தான். எங்கள் வண்டி போக ஆரம்பித்தபிறகு மல்லிகை போட்டார்கள். விடியுமுன் மொட்டுப் பறித்து, முதல் வண்டியில் ஏற்றினால், மதுரைப் பூக்கடைகள் சுறுசுறுப்பாக இருக்கும் நேரத்துக்கு வந்து சேரும். செக்கிங்குக்காக ஒருமுறை அந்த முதல் வண்டியில் போயிருக்கிறேன். பின்பாதி முழுக்க ஈரச்சாக்குப் போர்த்திய கூடைகள். மேலேயும் கூடைகள். முன்னால் நாலைந்து பேர்தான். கூடைகளோடு வருகிறவள் பேச்சியம்மாள் என்ற பெண். அவளுக்கும் ஒரு சின்னப் பூந்தோட்டம் இருந்தது. புருஷன் இல்லை. ஊர்ப் பூவையெல்லாம் அவள்தான் கொண்டுபோய் விற்றுவருவாள். அந்த வருமானத்தில்தான் பிள்ளைகளை வளர்த்துக்கொண்டிருந்தாள்.

வண்டியில் ஏன் ஆளே இல்லை என்று கண்டக்டரிடம் கேட்டதற்கு, அது ஊர்க் கட்டுப்பாடு என்று சொன்னார். முதல் வண்டியில் பூ ஏற வேண்டும், ஆள் ஏறக்கூடாது. மதுரைக்கு வேலை உள்ளவர்கள் நடந்துபோய் வேறு தடத்தில் ஏறிக்கொள்ள வேண்டும். ஊர் கூடிப் பேசி வைத்துக்கொண்ட விஷயமாம். கேட்டபோது எனக்கு அந்த ஊர்மேல் மதிப்பு வந்தது. சீட்டில் இதையெல்லாம் எழுத இடமில்லை. ஆள் இத்தனை, கூடை இத்தனை என்று இருக்கும். மாத அட்டவணையில் ஆளை முதல் பத்தியில் ஏற்றுவேன். கூடை, சாமான் கணக்குக் கடைசிப் பத்தி.

யுத்தம் முற்றியதும் பெட்ரோல் கூப்பனை வெட்டினார்கள். சில வண்டிகளுக்குப் பின்னால் கரி கேஸ் அடுப்பைக் கட்டிக்கொண்டு ஓட்டிப் பார்த்தோம். மேட்டில் ஏறாது, ஆட்கள் இறங்கித் தள்ளுவார்கள். அதுவும் போதவில்லை. ஒரு தடத்தைக் கைவிட்டு பர்மிட்டை ஒப்படைத்தால் மற்றதற்குக் கூப்பன் கிடைக்கும், இல்லாவிட்டால் எல்லாவற்றிலும் வெட்டு என்று உத்தரவு வந்தது. மறுநாள் மதியத்துக்குள் எழுதித் தரவேண்டும். காலையில் பங்காளிகள் கூடினார்கள்.

அதற்கு முந்தின ராத்திரி மேனேஜர் வழக்கம்போல் பட்டை ஒட்டினார். அப்போதே நான் சொன்னேன், கரட்டுப்பட்டிக்கு ஆளை மட்டும் ஒட்டினால் தப்பாகத் தெரியும், கூடையையும் சேருங்கள் என்று. அவர் கத்திரியைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார். பிறகு, கூடையையும் ஆளையும் ஒரே அளவுகோலில் எப்படி ஒட்டுவது என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஒரு சார்ட்டில் ஒரு சங்கதிதான் காட்ட வேண்டும். இரண்டைக் கலந்தால் பார்க்கிறவர் குழம்புவார். உங்கள் புத்தகத்திலும் அப்படித்தான் போட்டிருக்கும். மீதியெல்லாம் அட்டவணையில் இருக்கிறதே, அதையும் பக்கத்தில் வைப்போம் என்று முடித்தார். நானும் சரி என்றேன். அட்டவணையைப் புதிதாகப் படியெடுத்து, அச்சு மாதிரி எழுதினேன். என் கையெழுத்து அழகாக இருக்கும்.

காலையில் பங்காளிகள் முன்னால் முதலாளி விரலை ஓட்டினார். நீளமான பட்டைகளைத் தாண்டி அடிப்பட்டைக்கு வந்தார். தொட்டதும் முடிந்துவிட்டது. திரும்பவும் தொட்டுப் பார்த்தார்.

"இது எந்த ஊரு?"

கரட்டுப்பட்டி என்று மேனேஜர் சொன்னார்.

"அம்புட்டுத்தானா?"

"ஆள் கணக்கு அம்புட்டுத்தான் அய்யா. மத்தது அட்டவணையில இருக்கு."

அட்டவணையை எடுத்து அவர் கையில் கொடுத்தவன் நான். என் பேரைச் சொல்லிவிட்டு, "கடைசிப் பத்திய ஒருதரம் பாத்துருங்கய்யா" என்றேன். என்னால் முடிந்த அளவு அழுத்திச் சொன்னேன். அவர் தாளை முகத்துக்கு நேராகப் பிடித்தார். கண் இடமிருந்து வலமாகப் போயிற்று, கொஞ்சம் கீழே இறங்கிற்று, நின்றது. அண்ணன் மகன் எதிரே உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பாத்தேன்" என்றார் முதலாளி. "அந்தத் தடத்த எடுத்துரலாம்."

அந்த இடத்தில்தான் நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரிகிறது அல்லவா? தாளை வாங்கி உரக்க வாசித்திருக்க வேண்டும். கரட்டுப்பட்டி, கூடை இத்தனை, மற்ற எல்லாத் தடத்தையும் கூட்டினாலும் வராத கூடை என்று சொல்லியிருக்க வேண்டும். வாசித்திருந்தால் அந்தப் பெரிய மனிதருக்குக் கண் தெரியவில்லை என்று நான் தமுக்கடித்த மாதிரி ஆகியிருக்கும். மேனேஜர் என்னைப் பார்த்து லேசாகத் தலையை ஆட்டினார், வேண்டாம் என்று. எனக்குத் தெரிந்தது ஊமை கண்ட கனவாயிற்று. ஒருவர் மானத்தை நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து காப்பாற்றினோம். அதற்கு என்ன விலை, அதை யார் கொடுக்கப்போகிறார்கள் என்று அப்போது யோசிக்கவில்லை. மதியத்துக்குள் பர்மிட்டை ஒப்படைத்துவிட்டு வந்தோம்.

பேச்சியம்மாள் ஆபீஸுக்கு வந்தபோது வண்டி நின்று சில நாள் ஆகியிருந்தது. மாடிப்படி ஏறி வந்து, யாரிடம் பேசுவது என்று தெரியாமல் நின்றாள். என்னை அடையாளம் கண்டு, அண்ணே, முதலாளியப் பாக்கணும் என்றாள். முதலாளி யாரையும் திருப்பி அனுப்புகிறவர் இல்லை. உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை.

மாட்டுவண்டியில் கொண்டுவந்து பார்த்தார்களாம். மதுரை சேர்வதற்குள் வெயில் ஏறி மொட்டு வாடிவிடுகிறது, வாங்குகிறவர்கள் எழுந்து போய்விடுகிறார்கள். திருப்பரங்குன்றம் வரை வண்டியில் வந்து அங்கிருந்து ரயிலில் ஏற்றலாம் என்று பார்த்தால், ராணுவ ரயிலுக்காகப் பாசஞ்சரை நிறுத்தி வைத்துவிடுகிறார்கள். ஊரில் இருந்த ஒன்றிரண்டு சைக்கிளுக்கும் டயர் கிடைக்காத காலம். பக்கத்துத் தடத்து வண்டியில் ஆளே பிதுங்குகிறது, கூடைக்கு இடமில்லை. இதையெல்லாம் சாதாரணமாகத்தான் சொன்னாள். கடைசியில் ஒன்று கேட்டாள்.

"ஆளு ஏறலைன்னு வண்டிய நிப்பாட்டிட்டீகளாமே அய்யா. பூவுக்கு எடம் வேணும்னுதான் நாங்க ஏறாம இருந்தோம். டிக்கெட்டு வாங்குனாத்தான் வண்டி வரும்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, ஊரே வாங்கிட்டு நடந்து வந்திருக்குமே."

முதலாளி என் பக்கம் முகத்தைத் திருப்பினார். கூடைக் கணக்கு எங்கே என்று கேட்டார். அட்டவணையில் கடைசிப் பத்தி என்றேன். அவர் முகம் போன போக்கை என்னால் எழுத முடியாது. "பாத்தேன்னு நான்தான சொன்னேன்" என்றார். பேச்சியம்மாளுக்கு அது விளங்கவில்லை. எங்களுக்கு விளங்கியது.

என்னையும் மேனேஜரையும் அன்றைக்கே கூப்பன் கொடுக்கும் அதிகாரியிடம் அனுப்பினார். அட்டவணையைக் கொண்டுபோய்க் காட்டினோம். கூடைக் கணக்கோடு தனியாக ஒரு சார்ட்டும் போட்டு எடுத்துப்போயிருந்தோம். அதில் கரட்டுப்பட்டிப் பட்டை தாளின் ஓரம்வரை போயிற்று. அதிகாரி பார்த்தார். நன்றாக விளங்குகிறது, முன்னமே கொண்டுவந்திருக்கக் கூடாதா என்றார். ஒப்படைத்த பர்மிட்டுக்கான பெட்ரோலை வேறு இடத்துக்கு ஒதுக்கியாகிவிட்டது, யுத்தம் முடிந்தபிறகு பார்க்கலாம் என்று தாள்களைத் திருப்பிக் கொடுத்தார். படியிறங்கும்போது மேனேஜர் அந்தச் சார்ட்டை மடித்துக்கொண்டே வந்தார். மடித்து மடித்து உள்ளங்கை அளவு ஆக்கிவிட்டார்.

மல்லிகைச் செடியை ஒரு போகம் விட்டு மறுபோகம் பிடிக்க முடியாது. கிளை வெட்டிக் கவாத்துப் பண்ண வேண்டும், தண்ணீர் கட்ட வேண்டும், அதற்குக் கையில் காசு வேண்டும். ஊர்க்காரர்கள் கொஞ்சகாலம் பொறுத்துப் பார்த்தார்கள். பிறகு தோட்டத்தில் ஆட்டை அவிழ்த்து விட்டார்கள். வேர்த்தூரை வெட்டி அடுப்புக்குப் போட்டார்கள். இந்தச் செய்திகளெல்லாம் அந்தப் பக்கத்திலிருந்து வரும் கண்டக்டர்கள் மூலம் ஒவ்வொன்றாக வரும். கேட்கும்போது மேனேஜர் நிமிரமாட்டார். அதற்குப் பிறகும் மாதாமாதம் பட்டை ஒட்டினார். யுத்தம் முடிவதற்குள் காய்ச்சலில் போய்விட்டார். பட்டை ஒட்டும் வேலை எனக்கு வந்தது.

எது அட்டவணை, எது சார்ட் என்று நீங்கள் விவாதம் செய்வதைக் கேட்டிருக்கிறேன். செய்யுங்கள். ஆனால் உங்கள் தாளை வாங்குகிற கண் எப்படிப்பட்டது, அந்த அறையில் யாருக்கு யார்மேல் பயம், சீட்டில் எண்ணாமல் விட்டது என்ன, இவையெல்லாம் எந்தப் பத்தியிலும் வராது. முக்கியமான சங்கதியைக் கடைசிப் பத்தியில் எழுதிவிட்டு, எழுதியிருக்கிறேனே என்று நிம்மதியாகத் தூங்காதீர்கள். வாய் எதற்கு இருக்கிறது? இதை நான் சொல்கிறேன், நீங்களும் தலையாட்டுவீர்கள். அப்படி ஒரு அறையில் நிற்கும்போது என்ன செய்வீர்கள் என்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. மன்னித்துக்கொள்ளுங்கள்.

யுத்தம் முடிந்ததும் அண்ணன் மகன் தன் பங்கைப் பிரித்துக்கொண்டு போனான். இனி மறைக்க ஒன்றுமில்லை என்று ஆனபிறகு முதலாளி கண் ஆபரேஷன் செய்துகொண்டார். தடித்த கண்ணாடி போட்டுக்கொண்டு ஆபீஸுக்கு வந்த முதல் நாள், என்னைக் கூப்பிட்டு அந்த அட்டவணையைக் கேட்டார். எந்த அட்டவணை என்று நான் கேட்க வேண்டியிருக்கவில்லை. மேஜைமேல் விரித்து, ஒவ்வொரு வரியாகப் படித்தார். கடைசிப் பத்தியில் விரலை வைத்து மேலிருந்து கீழே வந்தார். கரட்டுப்பட்டிக்கு நேராக விரல் நின்றது.

"எழுத்து நல்லாத்தான் இருக்கு" என்றார். தாளை மடித்து என்னிடம் கொடுத்துவிட்டார். கண்கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள். அவருக்குக் கண் வந்து, கும்பிடுவதற்குச் சூரியன் இல்லாமல் போயிற்று. அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவர் எடுக்கவே இல்லை.

ஆனால் கரட்டுப்பட்டிக்குத்தான் முதலில் வண்டி விட வேண்டும் என்று நின்று, அலைந்து, பர்மிட்டைத் திரும்ப வாங்கினார். முதல் வண்டியில் என்னைப் போகச் சொன்னார். போனேன். ஊருக்குள் வண்டி நிற்பதற்குள் கூட்டம் ஏறிவிட்டது. பின்பாதியில் ஆள், படியில் ஆள். எல்லோர் கையிலும் தூக்குச்சட்டி. மதுரை மில்லுக்கும் கட்டட வேலைக்கும் போகிறவர்கள். ஒரு கூடை கிடையாது. பேச்சியம்மாள் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டிருந்தாள். மில்லில் கழிவுப் பஞ்சு பொறுக்குகிற வேலை என்றாள். இதுவரை விடியுமுன் எழுந்து நடந்தே போய்க்கொண்டிருந்தார்களாம்.

"நல்லவேளை வண்டி விட்டீக அண்ணே" என்றாள். அவள் குறையாகச் சொல்லவில்லை, சந்தோஷமாகத்தான் சொன்னாள். என்னால் அதைக் கேட்க முடியவில்லை.

மாதம் முடிந்ததும் பட்டை வெட்டினேன். கரட்டுப்பட்டிக்கு வெட்டிய பட்டை மற்ற எல்லாவற்றையும்விட நீளம். அட்டவணையின் கடைசிப் பத்தியில் அந்த ஊருக்கு நேராக, கூடை இல்லை என்று ஒரு கோடு போட்டேன். மிச்சமிருந்த பங்காளிகள் சார்ட்டைப் பார்த்துவிட்டு, நல்ல ஊர், நன்றாகப் பிழைக்கிறது, இன்னொரு வண்டிகூட விடலாம் என்று பேசிக்கொண்டார்கள். முதலாளி கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, பழையபடி அந்தப் பட்டையின்மேல் விரலை ஓட்டிக்கொண்டிருந்தார். அந்த ஊர் நன்றாகப் பிழைத்த காலத்தில் அந்தப் பட்டை அவர் விரல் நீளம்கூட இருந்ததில்லை.